கொழுந்தும் இரத்தமும்: ஆராய்ச்சிகள் நமக்குச் சொல்வது என்ன?

(தோட்டமொன்றின் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் நன்மை கருதி இங்கே வெளியிடுகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, கூடையை லயத்திலே வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டிலே அடுப்பு காத்துக்கொண்டிருக்கும். அதனால் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். "ஆராய்ச்சியா? அது படிச்சவங்க சமாச்சாரமாச்சே டீச்சர்" என்று ஒரு அக்கா வாசலிலேயே கேட்டுவிட்டார். அந்த அக்காவுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நான் இன்று சொல்லப்போகிற ஆராய்ச்சி நம்முடைய கூடையிலே தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே, கொழுந்தெடுக்கிற தொழிலாளர்களை வைத்து நடந்தது.

அதற்கு முன்னே என் சொந்தக் கதை கொஞ்சம்.

எங்க அம்மாவும் கூடை தூக்கினவங்கதான். 1970களின் நடுப்பகுதி. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம். மாவுக்கும் அரிசிக்கும் கியூவிலே நின்ற காலத்தை இங்கே இருக்கிற பெரியம்மாமார் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். மேட்டு மலைக்கு ஏறும்போது பாதி வழியிலே அம்மா உட்கார்ந்துவிடுவார். கங்காணி ஐயா, "இவளுக்குச் சோம்பல் புடிச்சிருச்சு" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். மடுவத்திலே நிறுக்கும்போது றாத்தல் குறையும். அரைப் பேர் விழும். ராத்திரி எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு அம்மா சொல்லுவார்: "ஏறையிலே நெஞ்சு படபடன்னு அடிக்குது புள்ள. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நான் என்னத்தைச் செய்ய?"

நாங்களும் சின்னப் பிள்ளைகள். கங்காணி சொன்னதை நாங்களும் பாதி நம்பினோம். அதை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஒரு நாள் நூலகத்திலே பழைய மருத்துவச் சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், லண்டனிலிருந்து வரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் என்ற சஞ்சிகையிலே வந்தது. எட்கர்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும், பேராதனையிலே மருத்துவம் கற்பித்த செனிவிரத்னவும், வேறு சிலரும் சேர்ந்து எழுதியது. இரத்தச்சோகை ஒரு தொழிலாளியின் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் விடயம். அவர்கள் பார்த்த தொழிலாளர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே வேலை செய்தவர்கள். வேலையை அளந்தது எதை வைத்து? ஒரு நாளைக்கு எடுத்த கொழுந்தின் நிறையை வைத்து.

அவர்கள் செய்தது என்ன?

முதலில் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின் என்ற பொருள். அது இரும்புச்சத்து இல்லாமல் உண்டாகாது. நாம் இழுக்கிற மூச்சிலுள்ள ஒட்சிசனைத் தூக்கிக்கொண்டு போய்க் கைக்கும் காலுக்கும் கொடுப்பது அதுதான். கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று கணக்கு. நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் காற்று மெல்லியது. அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அந்த ஆராய்ச்சியிலே 6 கிராமுக்கும் 9 கிராமுக்கும் இடையில் இரத்தம் உள்ளவர்களும் இருந்தார்கள். வேண்டியதிலே பாதி முதல் முக்கால் அளவு இரத்தத்தோடு மலை ஏறிக் கொழுந்தெடுத்திருக்கிறார்கள்!

பிறகு ஒரு சாராருக்கு இரும்பு வில்லை கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்குப் பார்வைக்கு மாத்திரம் மருந்து போல இருக்கிற வெறும் வில்லை கொடுத்தார்கள். "அது ஏமாத்து வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மழை பெய்தால் கொழுந்து கூடும், வெயில் அடித்தால் குறையும். மருந்து சாப்பிட்டோம் என்ற நினைப்பிலேயே சிலருக்குத் தெம்பு வரும். அப்படியானால் கூடின கொழுந்து மருந்தாலா, மழையாலா, மனத்தாலா என்று எப்படித் தெரியும்? மழையும் வெயிலும் இரு சாராருக்கும் ஒன்றுதான். வில்லை விழுங்கினோம் என்ற நினைப்பும் இரு சாராருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இரும்பு மாத்திரம். அதனால்தான் இரண்டு கூட்டத்தையும் பக்கத்திலே வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு மாதம் சென்ற பிறகு, இரும்பு வில்லையால் இரத்தம் கூடினவர்கள் முன்னைவிடக் கூடுதலான கொழுந்து எடுத்தார்கள். யாருக்கு இரத்தம் மிகக் குறைவாக இருந்ததோ அவர்களுக்குத்தான் முன்னேற்றம் மிகக் கூடுதல்.

இன்னொன்றும் செய்தார்கள். ஒரு மனிதர் எவ்வளவு அசைந்து நடமாடுகிறார் என்று பதிவு செய்கிற கருவியைக் கொண்டு, சிலரை நான்கு மணித்தியாலமும் சிலரை இருபத்து நான்கு மணித்தியாலமும் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வாரத்திலேயே இரும்பு எடுத்தவர்களின் நடமாட்டம் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மலையிலே மட்டும் தெம்பு கூடவில்லை. வேலை முடிந்து வந்த பிறகு தண்ணி தூக்கவும், விறகு பிளக்கவும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவும் வேண்டிய தெம்பும் சேர்ந்தே கூடியிருக்கிறது.

கட்டுரையின் முடிவிலே அவர்கள் சொன்ன விடயம் ஒன்று என் மனத்தை விட்டுப் போகவில்லை. இரத்தச்சோகை உள்ளவர்கள் களைப்பு, பலவீனம் என்று சொல்கிறார்களே, அது உண்மைதான் என்பதற்கு இது பலமான சான்று என்று எழுதியிருந்தார்கள். இதே குழுவிலிருந்த சிலர் 1977இலே இன்னொரு கட்டுரையும் வெளியிட்டிருந்தார்கள். ஓடுகிற பட்டியின் மேல் பெண்களை நடக்கவைத்துப் பார்த்ததிலே, இரத்தம் குறையக் குறைய நடக்கக்கூடிய நேரமும் குறைந்தது, நெஞ்சு வேகமாக அடித்தது.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது புள்ள." எங்க அம்மா சொன்னதைத்தான் கருவி வைத்து அளந்து எழுதியிருந்தார்கள். அந்த ஆராய்ச்சியிலே எங்க அம்மா இல்லை, அது வேறு தோட்டம். ஆனாலும் அன்றைக்கு அந்த நூலக மேசையிலே நான் அழுதேன். அம்மா சோம்பேறி இல்லை. அம்மாவுக்கு இரத்தம் இல்லை. அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. நான் லீவிலே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை அந்தக் கங்காணிக்கிட்ட சொல்லலாமுன்னா, அவரு செத்துப் போயிட்டாரே" என்றார்.

அதனால் முதலாவதாகச் சொல்கிறேன். ஒரு பெண் மலையிலே உட்கார்ந்தால் அவளைத் திட்ட வேண்டாம். டிஸ்பென்சரிக்கு அனுப்பி இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கங்காணிமாரும் இங்கே இருக்கிறீர்கள், கோபிக்கக் கூடாது.

ஒரு ஆராய்ச்சியை நம்பலாமா?

ஒரு கட்டுரை அச்சிலே வருவதற்கு முன்னால், அதே விடயத்தை அறிந்த வேறு நிபுணர்கள் அதைப் படித்துப் பிழை பிடிப்பார்கள். மலையிலே நிறுத்த கொழுந்தை ஆலையிலே மறுபடியும் நிறுக்கிறார்கள் அல்லவா? அது போலத்தான். ஒரு கட்டுரையோடு விடயம் முடிந்துவிடுவதும் இல்லை. அதே 1979இலே இந்தோனேசியாவிலே றப்பர் பால் எடுக்கிற ஆண்களை வைத்து வேறொரு குழு செய்த ஆராய்ச்சியும் வெளிவந்தது. தினம் 100 மில்லிகிராம் இரும்பு, 60 நாள் கொடுத்தார்கள். அங்கேயும் இரத்தச்சோகை தீர்ந்தவர்களுக்குப் பால் கூடியது. ஐயாமார்களே, இது பொம்பளைங்க வியாதி என்று நினைக்காதீர்கள்.

சில வேளை ஆராய்ச்சி "பலன் இல்லை" என்றும் சொல்லும். நம் தோட்டங்களிலே ரொட்டிதானே அதிகம். கோதுமை மாவிலே இரும்பைக் கலந்து கொடுத்தால் என்ன என்று தோட்ட மக்களிடையே சோதித்துப் பார்த்தார்கள். 2004இலே அந்தக் கட்டுரை வந்தது. எதிர்பார்த்தபடி இரத்தச்சோகை குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். பலன் இல்லை என்று தெரிவதும் ஒரு பலன்தான். இல்லாவிட்டால் பலன் தராத வழியிலேயே காசு போய்க்கொண்டிருக்கும்.

வில்லை எடுத்தும் ஏன் இரத்தம் ஏறவில்லை?

"நான்தான் கிளினிக்கிலே குடுத்த வில்லையெல்லாம் முழுங்கினேனே டீச்சர், எனக்கு ஏன் ஏறல?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதற்கும் ஆராய்ச்சி மூன்று பதில் தருகிறது.

ஒன்று, எதோடு முழுங்குகிறோம் என்பது. 1975இலே தென்னாப்பிரிக்காவிலே செய்த ஆராய்ச்சியிலே, சோற்றோடும் ரொட்டியோடும் இரும்பு மருந்தோடும் தேநீர் குடித்தால், குடல் இரும்பை உறிஞ்சுவது குறைகிறது என்று கண்டார்கள். தேயிலையிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறோம்? காலையிலே ரொட்டியும் சாயத்தண்ணியும். வில்லையை முழுங்குவதும் அதே சாயத்தண்ணியிலே! தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. அதை விட்டால் நமக்கு என்ன இருக்கிறது? சாப்பிட்டு, வில்லை போட்டு, ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். வில்லையைத் தண்ணியோடு எடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் இன்னும் நல்லது. கொய்யாப்பழம் கிடைத்தால் அதுவும் இரும்பு சேர உதவும். வில்லையிலே வயிற்றைப் பிரட்டினால் வீசிவிடாமல் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துப் பாருங்கள், மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். "வில்லை சாப்பிட்டா புள்ள பெருத்து, பிரசவம் கஷ்டமாகும்" என்கிற பேச்சை நம்பி வில்லையைக் கூரையிலே சொருகி வைக்காதீர்கள். தாய்க்கு இரத்தம் இல்லாமல் இருப்பதுதான் பிரசவத்திலே ஆபத்து.

இரண்டாவது, புழு. 1916இலேயே அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையினர் நம் தோட்டங்களிலே கொக்கிப்புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களிலே மறுபடியும் வந்தது. இந்தப் புழுவின் குஞ்சு வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலிலே தொற்றி நின்று இரத்தம் குடிக்கும். 1994இலே அத்துகோரளவும் அவரோடு சேர்ந்தவர்களும் இலங்கைத் தோட்டங்களின் கர்ப்பிணித் தாய்மாரிடம் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. இரும்பு வில்லையோடு புழு மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தம் இன்னும் நன்றாக ஏறியது என்று கண்டார்கள். ஓட்டைக் குடத்திலே தண்ணி ஊற்றினால் நிற்குமா? கர்ப்பிணிகள் புழு மருந்தைத் தாங்களாகக் கடையிலே வாங்கக் கூடாது. முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு, கிளினிக்கிலே சொன்னபடிதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லா இரத்தச்சோகையும் இரும்புக் குறைவினால் வருவதில்லை. தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்கள் இருக்கலாம். மாதவிலக்கிலே அளவுக்கு மிஞ்சி இரத்தம் போகலாம். ஒழுங்காக வில்லை எடுத்தும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியிலே காட்டுங்கள். இன்னும் ஒரு எச்சரிக்கை. இரும்பு வில்லையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திலே வையுங்கள். சின்னப் பிள்ளை இனிப்பென்று நாலைந்தை விழுங்கினால் அது விஷம்.

கூடின கொழுந்து யாருக்கு?

இனி நான் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேளுங்கள். இரத்தம் கூடினால் கொழுந்து கூடும் என்று ஆராய்ச்சி சொல்லிவிட்டது. இதனால் வளர்முக நாடுகளுக்குப் பொருளாதாரப் பயன் உண்டு என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. சரி, அந்தப் பயன் யார் கைக்குப் போகிறது?

இதற்கு இரத்தப் பரிசோதனையிலே பதில் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் வீட்டிலே சாப்பாடு குறைவு. சாப்பாடு குறைந்தால் இரத்தம் குறைவு. இரத்தம் குறைந்தால் மறுபடியும் கொழுந்து குறைவு. எங்க அம்மா இந்தச் சக்கரத்திலேதான் சுற்றினார். இரும்பு வில்லை இந்தச் சக்கரத்தை ஓரிடத்திலே நிறுத்தும். ஆனால் தொழிலாளிக்குத் தெம்பு வந்துவிட்டது என்று சொல்லி எடுக்க வேண்டிய கிலோ அளவை உயர்த்தினால், வந்த தெம்பு கூடையோடு போய்விடும். பழைய களைப்பு திரும்பி வரும். கூடின கிலோவுக்குக் கூடின காசு என்றால், அது சோறாகவும் கருவாடாகவும் பருப்பாகவும் வீட்டுக்கு வரும். அப்போதுதான் ஏறின இரத்தம் இறங்காமல் நிற்கும்.

இது நிர்வாகமும் தொழிற்சங்கமும் நீங்களும் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம். அப்படிப் பேசும்போது "எங்களுக்கு ஏலாது" என்று மட்டும் சொல்லாமல், "இரத்தம் குறைந்தால் வேலை குறையும் என்று 1979இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இரத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்துவிட்டு அளவைப் பேசுங்கள்" என்று சொல்லலாம். ஆராய்ச்சி நமக்குத் தருகிற பலம் அதுதான். நம்முடைய பேச்சுக்குச் சாட்சி.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால்

இன்றைக்கும் பல்கலைக்கழகங்களிலிருந்து பிள்ளைகள் தாளும் பேனாவுமாக லயத்துக்கு வருகிறார்கள். வரவேற்று உட்காரச் சொல்லுங்கள். ஆனால் நான்கு கேள்வி கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள்? இதனால் எனக்குக் கெடுதல் ஏதும் வருமா? நான் மாட்டேன் என்று சொல்லலாமா? முடிவு தெரிந்ததும் வந்து சொல்வீர்களா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மனிதரை வைத்துச் செய்கிற மருத்துவ ஆராய்ச்சிக்கு 1964இலே ஹெல்சிங்கி நகரிலே உலக மருத்துவ சங்கம் விதி எழுதியது. சம்மதம் கேட்க வேண்டும் என்பது அதிலே முக்கியமானது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. துரை அனுப்பினார், கங்காணி கூட்டி வந்தார் என்பதற்காகக் கையை நீட்ட வேண்டியதில்லை. விளங்கிக்கொண்டு, மனம் ஒப்பி நீட்டுங்கள்.

நான்காவது கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையிலே விஞ்ஞானிகளின் பெயர் இருக்கிறது. இரத்தம் கொடுத்தவர்களின் பெயர் இல்லை. பெயரை மறைப்பது அவர்களின் பாதுகாப்புக்காகத்தான், அது சரியான முறை. ஆனால் முடிவை அவர்களுக்கு மறைக்க ஒரு காரணமும் இல்லை. நம்முடைய கூடையிலே பிறந்த அறிவு, நம்முடைய லயத்துக்குத் திரும்பி வர வேண்டும். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரப் பல வருடம் சென்றது. வந்தபோது அம்மா கூடையை இறக்கிவிட்டார்.

உங்களுக்கு அவ்வளவு காலம் செல்லக் கூடாது. அதனால் நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். ஏறும்போது மூச்சு வாங்குகிறவர்கள், கண் இருட்டுகிறவர்கள், நகம் வெளுத்தவர்கள் டிஸ்பென்சரிக்குப் போய், "என் இரத்தம் எவ்வளவு என்று பார்த்து எழுதித் தாங்க" என்று கேளுங்கள். அந்த எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள். உங்கள் கொழுந்துக் கிலோ உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? உங்கள் இரத்தத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.